ரெண்டு மணி நேரத் தஞ்சாவூர்

சிநேகிதரின் பையன் ஒருவன் போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். கலிஃபோர்னியாவில் சாஃப்ட்வேர் வேலை. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்குவதற்கு முன்பே போனில் ப்ரோகிராம் சொல்லிவிட்டான். "அங்கிள், காலைல பத்து மணிக்கு தஞ்சாவூர் வந்துடுவோம். பெரிய கோயில், அரண்மனை, ஒரு தலையாட்டி பொம்மை. பன்னிரண்டு மணிக்குக் கும்பகோணம் கிளம்பிடணும். நவக்கிரகத்துல நாலாவது கவர் பண்ணணும்."

கவர் பண்ணினான். சொன்னபடி பன்னிரண்டு மணிக்கு வண்டியில் ஏறினான். ஏறுவதற்கு முன் மரியாதைக்கு ஒரு கேள்வி. "இங்கேயே இருக்கீங்களே அங்கிள், போரடிக்கலையா?"

நானும் மரியாதைக்கு ஒன்று கேட்டேன். லீவு விட்டால் அங்கே எங்கே போவீர்கள்? அவன் முகம் மலர்ந்துவிட்டது. போன வருஷம் நாபா என்று ஒரு ஊருக்குப் போனார்களாம். நாலு நாள் தங்கினார்களாம். அந்த ஊரில் கடல் கிடையாது, ராஜா கட்டிய கோயில் கிடையாது. எண்பதாயிரம் பேர்கூட இல்லாத ஒரு உள்நாட்டு ஊர். நாலு நாள் என்னப்பா பார்த்தே?

"வயின்யார்ட் அங்கிள். திராட்சைத் தோட்டம். வரிசை வரிசையா கொடி. தோட்டத்துக்காரரே மண்ணைக் கையில எடுத்துக் காட்டுவார். இது மேட்டு மண்ணு, இது ஆத்தோர மண்ணு, அதனாலதான் இந்த டேஸ்ட்டுன்னு சொல்லுவார். செமையா இருக்கும்."

வண்டி போய்விட்டது. எனக்குக் கோபம் போகவில்லை. அவன் மேல் இல்லை, அவன் நல்ல பையன். ஒரு சின்ன ஊரின் வயலைப் பார்ப்பதற்கு நாலு நாள் லீவு போட்டவன், தன் தாத்தா உழுத ஜில்லாவில் கார் கண்ணாடியை இறக்கவில்லையே என்றுதான்.

நீங்கள் மட்டும் என்ன? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். தஞ்சாவூருக்கு எத்தனை தடவை வந்திருப்பீர்கள்? ஒரு தடவையாவது வயலில் இறங்கினீர்களா? 'தமிழகத்தின் நெற்களஞ்சியம் எது?' என்று ஐந்தாம் வகுப்பில் ஒரு மார்க்குக் கேள்வி வந்தது. எழுதினீர்கள், மார்க் வாங்கினீர்கள். அத்தோடு முடிந்தது களஞ்சியத்துக்கும் உங்களுக்கும் உள்ள உறவு.

இதில் இன்னொரு கூத்து உண்டு. திருச்சியிலிருந்து காரில் வருகிறவர் கண்ணில் நெல்லே படாது. துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று வழி முழுக்க மேட்டுப் பூமி, செம்மண், கல்லூரி கட்டடங்கள். 'என்னமோ சோழவளநாடுன்னாங்க, வறண்டு கிடக்கே' என்று சொல்லிக்கொண்டே கோயில் வாசலில் வந்து இறங்குகிறார்கள். டெல்டா ஊருக்கு வடக்கே இருக்கிறது. பஸ் பிடித்தால் அரை மணி நேரம். திருவையாறு போகிற ரோட்டில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலம் வரும். பாலத்துக்குப் பாலம் நடுவே நெல். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. கைடு கூட்டிப்போவதில்லை. கைடு புத்தகத்தில் அது இல்லை.

கோயிலைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கோயிலையும் நீங்கள் பார்க்கவில்லை என்கிறேன்!

பெரிய கோயில் அடித்தளம் சுற்றிலும் எழுத்து வெட்டியிருக்கிறதே, அதன் மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? தங்கம், முத்து, செப்புத் திருமேனி என்று பட்டியல் வரும். அவற்றோடு நெல் கணக்கு. எந்த ஊர் எத்தனை கலம் நெல் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்ற கணக்கு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் ஆடுவதற்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். அதற்குப் பெயர் ஒரு பங்கு. ஆட்டம் சொல்லிக்கொடுத்த நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. கோயில் காசை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்து, வட்டியை நெல்லாக வாங்கியிருக்கிறார்கள். நெல் அளக்கிற மரக்காலுக்கே சாமி பெயர்தான், ஆடவல்லான்.

இந்த வண்டல் பூமியில் கருங்கல் கிடையாது. கல் முழுக்க வெளியிலிருந்து வந்தது. கல்லை இழுத்தவனுக்கும் செதுக்கியவனுக்கும் போட்ட சோறு இங்கே விளைந்தது. 1010-ல் முடிந்த அந்த 216 அடி விமானம் வானத்திலிருந்து விழவில்லை ஸார், காவிரி வண்டலில் விளைந்த நெல் மிச்சத்தில் எழுந்தது. மிச்சம் மட்டும் உங்களுக்கு உலக அதிசயம். நெல் என்றால் கார் கண்ணாடிக்கு வெளியே போகிற பச்சை.

அதிகாரிகள் புத்தியும் அதேதான். யுனெஸ்கோ 1987-ல் பெரிய கோயிலைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. சந்தோஷம். அதே யுனெஸ்கோ 1995-ல் ஃபிலிப்பைன்ஸ் மலைகளில் உள்ள நெல் வயல் அடுக்குகளை அறிவித்தது. அதில் கோயிலோ கோபுரமோ இல்லை, வயல்தான் சின்னம். 1999-ல் பிரான்ஸில் செயின்ட் எமிலியன் என்கிற சின்ன ஊரையும் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டத்தையும் அறிவித்தது. 2012-ல் பாலித் தீவில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தண்ணீர் பங்கிடுகிற முறையையே அறிவித்தது. பாலிக்காரன் வாய்க்கால் உலகச் சொத்து. நம்ம கல்லணையும், அதிலிருந்து பிரியும் ஆறுகளும், வாய்க்காலும், மதகும், ராத்திரி டார்ச் லைட்டோடு ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கரும்?

பெரிய கோயிலை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுகிறது, கவனித்தீர்களா? கோடையில் வந்தவர் சாக்கடை என்று மூக்கைப் பிடித்திருப்பார். அது புது ஆறு. கல்லணைக் கால்வாய். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலம் எல்லாம் நெல் பார்த்தது அந்தக் கால்வாயால். அதன் பாலத்தில் நின்று ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டு, 'தண்ணீ எங்க இருந்து வருது?' என்று ஒரு குழந்தை கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு போர்டு கிடையாது.

பதில் நான் சொல்கிறேன். மேட்டூரிலிருந்து வருகிறது. நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. ஜூன் 12 திறக்க வேண்டிய தேதி. அன்றைக்குத் திறந்தால் குறுவை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ச்சியாக அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020-ல் திறந்தபோது கடைமடையில் வெடி வெடித்தார்கள். 2022-ல் மே மாதமே திறந்தார்கள். 2024-ல் மறுபடி ஜூலை 28. நாபாவில் இந்த வருஷத் திராட்சை எப்படி, போன வருஷ மழை எப்படி என்று வருகிறவரிடம் கதை கதையாகச் சொல்வார்களாம். நம்மிடம் சொல்ல இதைவிடப் பெரிய கதை இருக்கிறதா? ஒரு தேதிக்காக ஒரு ஜில்லாவே மாடியில் ஏறி நின்று ஆற்றைப் பார்க்கிற கதை.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சல் இதில்தான்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. தட்டுக்கு உண்டு, பொம்மைக்கு உண்டு, வீணைக்கு உண்டு, நெட்டி வேலைக்கு உண்டு. 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்கும் கிடைத்தது. தலையாட்டி பொம்மையை வேறு ஊரில் செய்து தஞ்சாவூர் என்று விற்றால் கேஸ் போடலாம். ஆனால் தஞ்சாவூர் அரிசி என்று அந்தப் பட்டியலில் ஒன்று இல்லை. வெற்றிலை போடுவதற்கு முன்னால் சாப்பிடுகிற சாதத்துக்குப் பெயர் இல்லை, வெற்றிலைக்கு இருக்கிறது!

போகட்டும். பொன்னி என்றால் என்ன? காவிரி. 2022-ல் பொன்னியின் செல்வன் சினிமா வந்ததும் வண்டி வண்டியாக வந்து இறங்கினீர்களே, அந்தப் பொன்னி. வெள்ளைப் பொன்னி என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல் ஒரு ரகம் வெளியிட்டது, மலேயாவின் மசூரி ரகத்திலிருந்து எடுத்தது. அதற்கு நம்ம ஆற்றின் பெயர். இன்றைக்கு மளிகைக் கடையில் போய்க் கேளுங்கள். ஆந்திரா பொன்னி என்பான், கர்நாடகா பொன்னி என்பான். ஆந்திரா பொன்னி என்பது பாபட்லா ஆராய்ச்சி நிலையத்து பி.பி.டி. 5204. பொன்னிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்கூடக் கிடையாது. கர்நாடகத்தோடு தண்ணீருக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனோம், 2018-ல் 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு வாங்கினோம். பெயரை மட்டும் சண்டையே போடாமல் மூட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டோம்.

நாபாக்காரன் என்ன செய்தான் தெரியுமா? பாட்டிலில் நாபா என்று பெயர் போட்டால் உள்ளே 75 சதவீதமாவது நாபா திராட்சை இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2000-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. 2004-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஷாம்பெயின் கதை உங்களுக்கே தெரியும். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு ஒயின்ஷாப் என்று பெயர் வைத்திருந்தோம், உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் இருந்தது. பெயர் விஷயத்தில் நமக்குள்ள அக்கறை அவ்வளவுதான்.

கோயில் வாசல் பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரு நாள் கேட்டேன். "இது எந்த ஊர் அரிசி?" சர்வர் முழித்தார். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "காங்கேயத்து மில் மூட்டை ஸார். நல்லா பொலபொலன்னு இருக்கும்." அவர் மேல் தப்பில்லை. இங்கே விளைகிறது பெரும்பாலும் அரசாங்கக் கொள்முதலுக்குப் போய், அரைத்து, ரேஷன் கடைக்குப் போகிறது. விளைவித்தவனே கடையில் மூட்டை அரிசி வாங்கிச் சாப்பிடுகிறான்.

'அரிசி என்ன ஒயினா ஸார், ருசி பார்க்க? ஏழைக்கு வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதானே' என்று ஒரு வாசகர் கேட்கப் போகிறார். வயிறு நிறைய வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் இலவசமாகவே கொடுக்கிறார்கள், அதுவும் நியாயம். ஆனால் ருசி பணக்காரனுக்கு மட்டும் என்று யார் சொன்னது? மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கிச்சிலிச் சம்பாவும் குடியானவன் சாப்பிட்டதுதானே. காட்டுயானம் என்று ஒன்று. யானை மறைகிற உயரம் வளரும் என்பார்கள், வெள்ளம் வந்தாலும் நிற்கும். இப்படி நூற்றைம்பதுக்கு மேல் ரகங்களைத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ஒரு மனிதர் தேடிச் சேர்த்தார். நெல் ஜெயராமன். வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தி ஆளுக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். 2018 டிசம்பர் 6-ல் இறந்துபோனார். அவர் போன பிறகு டி.வி.யில் அஞ்சலி செலுத்தினோம். அவர் சேர்த்த அரிசியில் சோறு போடுகிற ஓட்டல் பெரிய கோயில் வாசலில் எத்தனை? எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.

அந்தப் பையன் சொன்ன நாபாவைப் பற்றித் தேடிப் படித்தேன். கடுப்பில் படிக்க ஆரம்பித்தது, படிக்கப் படிக்க வாயடைத்துப் போச்சு.

1968-ல் அந்தக் கவுண்டியில் ஒரு சட்டம் போட்டார்கள். விவசாய நிலத்தை 20 ஏக்கருக்குக் கீழே துண்டு போடக் கூடாது. பிறகு அதை 40 ஏக்கர் ஆக்கினார்கள். நிலம் வைத்திருந்தவர்களிலேயே பல பேர் எதிர்த்தார்கள், என் நிலம் என் இஷ்டம் என்று. அப்போது நாபா ஒயினை உலகத்தில் பெரிதாக யாரும் சட்டை பண்ணவில்லை. பாரிஸில் லேபிளை மறைத்து வைத்து நடத்திய போட்டியில் அது பிரெஞ்சு ஒயினை முந்தியது 1976-ல். அதாவது பேரும் டூரிஸ்ட்டும் வருவதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே நிலத்தைப் பூட்டி வைத்துவிட்டார்கள். பூட்டியிருக்காவிட்டால் சான்ஃபிரான்சிஸ்கோவின் அவுட்டர் ஏரியா ஆகியிருக்கும். 1990-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விவசாய நிலத்தை வேறு எதற்காவது மாற்ற வேண்டுமென்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். 2008-ல் அதை 2058 வரைக்கும் நீட்டித்தார்கள். அதுவும் ஓட்டுப் போட்டுத்தான்.

அதே 1968-ல் நம்ம தஞ்சாவூர் ஜில்லாவில் என்ன நடந்தது? டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அப்போது அது இந்த ஜில்லாதான். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களுமாக 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் ஹைகோர்ட்டில் விடுதலையானார்கள். வயலைப் பார்க்க வாங்க என்று உங்களைக் கூப்பிடுகிறவன் இதையும் சொல்லாவிட்டால் அயோக்கியன். அந்தப் பச்சைக்குள் குனிந்த முதுகு யாருடையது என்று கேட்காமல் 'வாவ்' சொல்வதற்கு நீங்கள் வரவே வேண்டாம். நாபாவிலும் திராட்சை பறிக்கிற மெக்ஸிகோகாரனைப் பற்றி அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே இப்போது நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வரப்பில் வங்காளிப் பாட்டு கேட்கிறது.

நமக்கும் சட்டம் வந்தது, 2020-ல். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். சும்மா வரவில்லை. மன்னார்குடி மீத்தேன், நெடுவாசல், கதிராமங்கலம் என்று வருஷக் கணக்காகப் போராடி வந்தது. மீத்தேனுக்கு எதிராகப் பேசப் போன இடத்தில்தான் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் கண்மூடினார். சட்டத்தில் ஒரு தடைப் பட்டியல் உண்டு. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு கூடாது, துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலை கூடாது, தோல் ஆலை கூடாது, கப்பல் உடைக்கக் கூடாது. நல்லது. 2023-ல் மத்திய அரசு வடசேரி, மைக்கேல்பட்டி என்று நிலக்கரி ஏல அறிவிப்பில் நம்ம ஊர்ப் பெயரைப் போட்டபோது, இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் சத்தம் போட்டோம். பெயரை எடுத்தார்கள்.

பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். வீட்டு மனை இல்லை.

தாமிர ஆலை வைக்கத் தஞ்சாவூர் வயலுக்கு எவன் வரப்போகிறான்? வருகிறவன் கலர் கொடியும் அளவுக் கல்லும் கொண்டு வருகிறான். பைபாஸ் ஓரம் போய்ப் பாருங்கள். நாலு வருஷம் முன்னால் நாற்றங்காலாக இருந்தது இன்று ஏதோ ஒரு 'நகர்'. 2016-ல் ஹைகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. 2017-ல் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள விதி வந்துவிட்டது. தரிசாகப் போடு, அப்புறம் கல் நடு, அப்புறம் கட்டணம் கட்டு. நஞ்சை காலி.

நானும் யோக்கியன் இல்லை. என் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பழைய சர்வே எண்ணுக்கு எதிரே நஞ்சை என்று போட்டிருக்கிறது. அந்த நஞ்சையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா பையன் ஒருத்தன் திருவையாறுக்கு அப்பால் ஆறு மா வைத்திருக்கிறான். ரெண்டு ஏக்கர். 2025 குறுவை நன்றாகத்தான் விளைந்தது. மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்த வருஷம். அக்டோபரில் அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் கொண்டுபோய்க் குவித்தான். எந்த நிலையம் என்று வேண்டாம். சாக்கு இல்லை என்றார்கள். லாரி இல்லை, உள்ளே இருக்கிற மூட்டை நகரவில்லை என்றார்கள். பன்னிரண்டு நாள். தார்ப்பாயைப் போட்டு மூடுவான், வெயில் அடித்தால் எடுத்துக் கிளறிவிடுவான், ராத்திரி பக்கத்திலேயே படுப்பான். மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அதை 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு கேட்டதும் மத்தியக் குழு மாதிரி எடுக்க வந்ததும் பேப்பரில் படித்திருப்பீர்கள். குழு வந்த நேரத்தில் அவன் குவியலில் பாதி முளைத்துவிட்டது.

போய்ப் பார்த்தேன். கையில் ஒரு பிடி எடுத்துக் காட்டினான். வெள்ளையாக முளை. "வயல்ல முளைக்க வேண்டியது களத்துல முளைச்சிருக்குண்ணே" என்று சிரித்தான். மிச்சத்தை யாவாரிக்குக் கொடுத்தான், வந்த விலைக்கு.

தண்ணீர் வருவதற்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனோம். வந்த தண்ணீரில் விளைந்த நெல்லை நனையாமல் வைக்க மேலே ஒரு தகரக் கூரை இல்லை. 2016-ல் தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினோம். மார்க்கெட்டை இடித்துக் கட்டினோம். ஊருக்கு வெளியே நெல் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

போன வாரம் அதே தம்பி போன் பண்ணினான். மனை போடுகிறவர்கள் வந்திருந்தார்களாம். "என்னண்ணே சொல்றீங்க? குடுத்துட்டா பேங்க்ல போட்டு வட்டியில சாப்பிடலாம்." நான் பென்ஷன் வாங்குகிறவன். மாசம் ஒண்ணாந்தேதி பணம் வந்து விழுகிறவன், முளைத்த நெல்லைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு என்ன புத்தி சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

இதற்கும் டூரிஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நாபாவில் ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் விவசாயி இல்லை. பள்ளி வாத்தியார், கடைக்காரர், ரிட்டயர்ட் ஆசாமி. அந்தக் கொடி போனால் அந்த ஊருக்கு முகம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியூர்க்காரனுக்கும் தெரிந்திருந்தது. இங்கே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு குறுவை எப்போது, சம்பா எப்போது, தாளடி என்றால் என்ன என்று தெரியாது. முப்பது வருஷமாகத் தஞ்சாவூர்வாசி. நெல்லையே பார்க்காத ஊரில் நெல் போனால் யார் கேட்பது?

உடனே ஒருத்தர் ரிஸார்ட் கட்டிவிடுவார், எனக்குத் தெரியும். 'ஒரு நாள் விவசாயி' பேக்கேஜ். முழங்கால் வரை சேறு, கையில் ஒரு முடி நாற்று, ட்ரோன் வீடியோ, மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. இலையில் கர்நாடகா பொன்னி! நான் கேட்பது அது இல்லை. கோயில் கார் பார்க்கிங்கிலிருந்து வயலுக்கு ஒரு பஸ் விடுங்கள். மெஸ் வாசலில் 'இன்றைக்குச் சோறு இந்த ஊரில் விளைந்த இந்த ரகம்' என்று ஒரு கரும்பலகை வையுங்கள். விளைவித்தவனிடம் நேராக வாங்குங்கள். மனையையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள். கொள்முதல் நிலையத்துக்குக் கூரை போடுங்கள். இதெல்லாம் ராக்கெட் விட்டு நிலாவுக்குப் போகிற வேலை இல்லை.

இன்னொன்று சொல்ல மறந்தேன். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் ஆரம்பித்தபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. அந்த நினைவாக 2021 நவம்பரில் நாட்டின் முதல் உணவு அருங்காட்சியகத்தையும் இங்கேதான் திறந்தார்கள். என்ன, உங்களுக்குத் தெரியாதா? பரவாயில்லை. ஆட்டோக்காரருக்கும் தெரியாது. நான் போன அன்று என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை.

சிநேகிதரின் பையனுக்கு மெயில் எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை ஜனவரிக் கடைசியில் வாப்பா என்று. சம்பா அறுவடை நேரம். நவக்கிரகம் எங்கேயும் போய்விடாது. ரெண்டு ராத்திரி என் வீட்டில் தங்கு. காலை ஆறு மணிக்கு பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாறு வண்டி ஏறுவோம். குழந்தைகளுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுக்கிறேன். தம்பியின் ஆறு மா பக்கத்தில் இறங்கலாம். இன்னும் விற்கவில்லை.